கரியமிலவாயுவை உறைய வைத்த ஐப்பசி

பெரம்பலூர்ப் பக்கம் உறைந்த கரியமிலவாயுவைப் பார்க்க வேண்டுமென்றால் கல்யாண மண்டபத்துக்குத்தான் போக வேண்டும். வரவேற்பில் பெண்ணும் மாப்பிள்ளையும் மேடைக்கு நடந்து வரும்போது காலடியில் வெள்ளையாகப் புகை புரளுமே, அது இதன் கைங்கரியம்தான். திருச்சியிலிருந்து தெர்மோகோல் பெட்டியில் வரும் கட்டிகளை போட்டோக்காரரின் ஆள் ஒருவன் வெந்நீர் அண்டாவில் போடுவான். புகை முழங்கால் வரை ஏறும். மாப்பிள்ளையின் சித்தப்பா இருமுவார். அதோடு வேலை முடிந்தது.

அதே பொருளைத் தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்குக்குப் படலமாக உறைய வைத்து, அது அகச்சிவப்புக் கதிரை எவ்வளவு விழுங்குகிறது, எவ்வளவு வளைக்கிறது என்று அளப்பதற்கும் உலகத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். நான் வேலை பார்த்த காலம் முழுவதும் வடக்கே ஓர் அரசாங்க ஆய்வகத்தில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். ஓய்வு பெற்று அரியலூருக்கு வந்தபோது, இனி வெற்றிடப் பம்பின் உறுமலைக் கேட்க வேண்டியதில்லை என்று நிம்மதியாக இருந்தது. ஆனால் என் மனைவிக்கு ஒரு தங்கை இருக்கிறாள்.

அவள் பெரம்பலூருக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறாள். நாற்பத்தைந்தைத் தாண்டியவள். வேலை பார்த்துக்கொண்டே டாக்டர் பட்டத்துக்குப் பதிவு செய்து, கால நீட்டிப்பு மேல் கால நீட்டிப்பாக வாங்கி, கடைசி நீட்டிப்பில் இருந்தாள். தீபாவளி கழிந்து அந்த மாதம் முடிவதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. பட்டம் இல்லாதவர்களுக்கு அடுத்த கல்வியாண்டில் இடமில்லை என்று கல்லூரி நிர்வாகமும் சொல்லிவிட்டது. கணவருக்குக் குன்னத்தில் நிலம். மழை பெய்தால் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும், பெய்யாவிட்டால் விளையாது. வீட்டில் மாதாமாதம் நிச்சயமாக வருவது அவள் சம்பளம் ஒன்றுதான். ஆக, அந்த வருஷம் ஐப்பசியில் ஒரு குடும்பமே ஒரு பனிப்படலத்தின் மேல் உட்கார்ந்திருந்தது.

தலைப்பு நான் கொடுத்ததுதான். உறைந்த கரியமிலவாயுவின் அகச்சிவப்பு ஒளியியல் பண்புகள். அதனால் விவகாரமும் என் தலையில் விழுந்தது.

முறை எளிதானது. சொல்வதற்கு எளிதானது. ஓர் எஃகுப் பாத்திரத்திலிருந்து காற்றை முழுக்க உறிஞ்சி எடுக்க வேண்டும். உள்ளே உப்பால் செய்த சின்ன வில்லை ஒன்று இருக்கும். கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும், அகச்சிவப்பை மறிக்காது. திரவ நைட்ரஜனை ஊற்றி அந்த வில்லையைக் குளிர வைத்த பிறகு, கரியமிலவாயுவை மிக மெல்லக் கசியவிட்டால் அது வில்லையில் போய்ப் பனியாகப் படியும். படியும்போதே மேலே ஒரு சிவப்பு லேசரை அடித்து, திரும்பி வரும் ஒளி கூடுவதையும் குறைவதையும் எண்ணினால் படலத்தின் கனம் தெரிந்துவிடும். பிறகு அகச்சிவப்பைப் பாய்ச்சி, எந்த அலைநீளம் எவ்வளவு குறைந்து வெளியே வருகிறது என்று வரைபடமாக எடுப்பது. செவ்வாய்க் கிரகத்தின் துருவத்தில் கிடப்பது இந்தப் பனிதான். அங்கே தொலைநோக்கியைத் திருப்பி வைத்திருப்பவர்களுக்கு இந்த எண்கள் தேவைப்படுகின்றன.

உறைந்த கரியமிலவாயு சில அலைநீளங்களைப் பந்தியில் உட்கார்ந்தவன் மாதிரி விழுங்கும். அவற்றை அளக்க மெல்லிய படலம் போதும். மற்ற இடங்களில் அது ஏறக்குறைய எதையுமே தொடாது. அந்த ஏறக்குறைய என்பது எவ்வளவு என்று தெரியத்தான் கனத்த படலம் வேண்டும். மெல்லிய படலங்களை அவள் ஆடி மாதமே முடித்துவிட்டாள். பாக்கி இருந்தது கனத்த படலம் ஒன்று.

அவளுடைய வழிகாட்டி அந்தக் கல்லூரியின் துறைத் தலைவர். நல்ல மனிதர். யாருக்கும் கெடுதல் நினைக்காதவர், எதையும் அளந்து பார்க்காதவர். முதல் நாளே என்னிடம் கேட்டார்:

"ஏன் சார் இவ்ளோ சிரமம்? மண்டபத்துல கட்டி கட்டியா தராங்களே. ஒரு துண்டு வாங்கி மெஷின்ல வச்சுப் பாத்துடலாமே?"

கட்டி வழியாகக் கதிர் போகாது என்றேன். சுவரில் டார்ச் அடித்து அந்தப் பக்கம் வெளிச்சம் வருகிறதா என்று பார்ப்பது மாதிரி என்றும் சொன்னேன்.

"அப்படீங்களா" என்றார். அடுத்த வாரம் அதே கேள்வியை மறுபடியும் கேட்டார். அப்போதும் அப்படீங்களா என்றார்.

வாயு கிடைப்பது ஒரு கதை. அரியலூரைச் சுற்றி சிமெண்ட் சூளைகள் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுக்கொண்டே இருக்கின்றன. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் வருவது கரியமிலவாயு. ஊரே அதில்தான் மூச்சு விடுகிறது. அந்த ஊரில் குடியிருக்கும் நான், சுத்தமான கரியமிலவாயு ஒரு சின்ன சிலிண்டருக்காகத் திருச்சியில் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒரு கடையில் சோடா போடுவதற்கா என்று கேட்டார்கள். இன்னொரு கடையில் தீயணைப்பானுக்கா என்று கேட்டார்கள். இரண்டுக்கும் இல்லை என்றதும் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

திரவ நைட்ரஜன் எங்கள் பக்கம் மாடுகளுக்காக வருகிறது. சினை ஊசிக்கான விந்துக் குச்சிகளைக் குளிரில் வைக்க அது வேண்டும். அதைக் கொண்டுவரும் வேன் சென்னைச் சாலையில் பாடாலூர் டீக்கடை ஒன்றில் நிற்கும். அங்கே போய் எங்கள் ஜாடியை நிரப்பிக்கொள்ள வேண்டும். ஜாடி என்றால் இடுப்பு உயரத்தில் ஓர் அலுமினிய உருளை. மூடி இறுக்கமாக இருக்காது, இருக்கவும் கூடாது. ஆவி போக வழி இல்லாவிட்டால் வெடிக்கும். ஆவி காருக்குள் நிறைந்தாலோ மூச்சுக்கு ஆக்சிஜன் இருக்காது. எனவே கார்க் கண்ணாடிகளை இறக்கி வைத்துத்தான் ஓட்ட வேண்டும். இது விதி. மழை பெய்கிறதே என்பதற்காக விதியை மாற்ற முடியாது.

ஆயுத பூஜை கழிந்த வாரம் போனபோது மழை பெய்தது.

"மாமா, கண்ணாடிய ஏத்துங்க. புடவையெல்லாம் நனையுது."

"ஏற்ற முடியாது."

"கொஞ்சமா?"

"கொஞ்சமாக மூச்சு விடுவாயா?"

"குளிர் ஜுரம் வந்து சாவறதுக்கு மயங்கியே போயிடலாம் போலிருக்கு. எங்க அக்கா எப்படித்தான் உங்களோட இத்தன வருஷம் குடும்பம் நடத்துனாளோ."

"அவள் நைட்ரஜன் ஜாடியோடு வந்ததில்லை."

"வந்துருந்தா அன்னிக்கே தெளிஞ்சிருப்பா."

டீக்கடையில் வேறு தாமதம். ஜாடியின் வாயில் புகை வழிவதைப் பார்த்து டீ போடுகிறவர் கிளாஸைக் கழுவாமல் நின்றுவிட்டார்.

"சார், கல்யாணத்துல வுடுவாங்களே, அதுங்களா?"

"அது இல்லை. இது வேறு."

"குடிக்கலாங்களா?"

"குடித்தால் வயிறு கிழிந்துவிடும்."

"அப்ப எதுக்குங்க இத வச்சுக்கிட்டு?"

நான் விளக்குவதற்கு வாயெடுத்தேன். "மாமா, நீங்க ஆரம்பத்துலேர்ந்து சொல்ல ஆரம்பிச்சீங்கன்னா ஜாடி காலியாயிடும். வண்டிய எடுங்க" என்று அவள் கதவைச் சாத்தினாள். டீக்கடைக்காரர் அவளைப் பார்த்து, "டீச்சருங்களா?" என்றார் மரியாதையாக.

மறுநாள் காலையில் கனத்த படலத்தை ஏற்றினோம். ஆய்வகம் என்பது மாடிப்படிக்குக் கீழே ஒதுக்கிக் கொடுத்த அறை. ஆயுத பூஜையின் அடையாளமாக எஃகுப் பாத்திரத்தின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. பம்புக்கு மாலை போட்டிருந்தார்கள், மாலை காய்ந்து பம்பின் காற்றாடிக்குள் உதிர்ந்துகொண்டிருந்தது. அதைப் பொறுக்கி எடுத்துவிட்டு, வாயைத் திறக்காமல் இருந்தேன். வெளியே பூசினால் உள்ளே இருக்கும் வெற்றிடத்துக்கு ஒன்றும் ஆகாது. பொறுமை எனக்குச் சுலபத்தில் வருவதில்லை என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

படலம் அழகாக வளர்ந்தது. லேசர் ஒளி கூடிக் குறைந்து கூடிக் குறைந்து, நான் பாடப் புத்தகத்துக்குக் கொடுக்கலாம் என்று நினைக்கும் அளவுக்கு ஒழுங்காக வந்தது. பிறகு வரைபடம் திரையில் இறங்கியது. கரியமிலவாயு விழுங்கும் இடங்களில் பள்ளங்கள் இருந்தன. அவற்றுக்கு நடுவே, கரியமிலவாயுவுக்கு எந்த வேலையும் இல்லாத சமவெளியில், ஒரு பள்ளம் தனியாக விழுந்திருந்தது. கூடவே குட்டிகள் சில.

அவள் என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன்.

"தண்ணியா மாமா?"

தண்ணீர் என்றால் இடது பக்கம் அகலமாக வரும். பம்பு எண்ணெய் என்றால் அந்த இடத்தில் வராது. அங்கே வருவது கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பில் இருக்கும் கரிமப் பொருள் ஏதோ ஒன்று. அழுக்கு. எந்த அழுக்கு என்பதுதான் தெரியவில்லை. ஆடி மாதத்து வரைபடங்களில் அது கிடையாது.

அதற்குள் துறைத் தலைவர் வந்துவிட்டார். திரையைக் குனிந்து பார்த்தார்.

"புதுசா இருக்கே. இதுக்கு முன்னாடி யாரும் பாக்கலையா?"

"யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். இது அழுக்கு."

"பேப்பர் போடலாமான்னு பாருங்களேன் சார்."

"அழுக்குக்கா?"

"அப்படீங்களா" என்றவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப அந்த எடத்த மட்டும் எடுத்துட்டு, ரெண்டு பக்கமும் கோடு இழுத்துச் சேத்துடலாம். யாருக்குத் தெரியும்? சமமாத்தானே போவுது."

சமமாகப் போகிறதா இல்லையா என்று பார்ப்பதற்காகத்தான் கனத்த படலம் போடுகிறோம், அந்த இடத்தில் கோடு இழுப்பதென்றால் வீட்டிலேயே உட்கார்ந்து இழுத்திருக்கலாம், பாடாலூர் மழையில் நனைந்திருக்க வேண்டாம் என்று சொன்னேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. டீ சாப்பிடுங்க சார் என்று சொல்லிவிட்டுப் போனார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பாத்திரத்தைச் சூடேற்றி, காற்றை உள்ளே விட்டு, மூடியைத் திறந்தோம். மூடியை அடைக்கும் ரப்பர் வளையங்களில் தடவிய மசகாக இருக்குமோ என்று பார்க்கத் தலையை உள்ளே விட்டேன். பெருமாள் கோயிலில் தீர்த்தம் வாங்கிக் குடித்தது போலிருந்தது. துளசி ஒன்றுதான் குறைச்சல்.

"கற்பூரம்" என்றேன்.

அவளும் தலையை விட்டாள். வெளியே எடுத்தபோது முகம் சிவந்திருந்தது. "அக்கா!" என்று வராந்தாவைப் பார்த்துக் கத்தினாள்.

ஆய்வக உதவியாளர் கையில் துடைப்பத்தோடு வந்தார். அந்த அம்மாவின் வயது எங்கள் இருவர் வயதுக்கும் நடுவில் இருக்கும். பிள்ளைகளை அதட்டுவதில் துறைத் தலைவருக்கே மேலானவர்.

"என்ன மேடம், பாம்பா?"

"அக்கா, இதுக்குள்ள கற்பூரம் வச்சீங்களா?"

"ஆமா. பூசையன்னிக்கி. ஏன்?"

"ஏன்னா?"

"ஒரு பெரிய பாக்கெட்டு பிரிச்சோம், பாதிதான் கொளுத்துனது. மிச்சத்த வெளிய வச்சா காத்துல கரைஞ்சு போயிடும். மறுநாளு திரும்பக் காட்டணுமில்ல. டப்பா எதுவும் மூடி சரியில்ல. இதுதான் காத்தே போவாதது. சார்தானே சொன்னாரு, இந்தச் சட்டிக்குள்ள ஒரு பொட்டுக் காத்து போவாது வராது, ஜில்லாவுலயே இப்படி ஒண்ணு கெடையாதுன்னு. ராத்திரி உள்ள வச்சு மூடிட்டுக் காலையில எடுத்துட்டேன். கொஞ்சங்கூடக் கரையல."

நான் அப்படிச் சொன்னது உண்மைதான். கல்லூரிக்கு யாரோ பார்வையிட வந்தபோது சொன்னேன். அவர்களில் ஒருவர்கூடக் காதில் வாங்கவில்லை. பெருக்கிக்கொண்டிருந்தவர் வாங்கியிருக்கிறார்.

"நாங்க மறுநாள் வில்லை மாட்டுனப்ப எங்களுக்கு வாசன வரலையே?" என்றாள் மச்சினி.

"எப்படி வரும்? காலேஜு முழுக்க அன்னிக்கி அதே வாசனதானே. சாரு போட்டுருந்த சட்டையிலகூட."

கற்பூரம் கரையவில்லை என்று அந்த அம்மா நினைத்துக்கொண்டது தவறு. கரைந்தது எஃகுச் சுவரிலும் ரப்பர் வளையங்களிலும் ஏறியிருக்கிறது. பாத்திரத்துக்குள் எங்கே குளிர்ச்சி கிடைக்கும் என்று அது காத்திருந்து, நைட்ரஜன் ஊற்றியதும் நேராக வில்லைக்குப் போய் உட்கார்ந்துவிட்டது. நான் இதை விளக்கினேன். அந்த அம்மா முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"சாமிக்கு வச்சதுதானே சார், ஒண்ணும் கெடுதல் பண்ணாது" என்று சொல்லிவிட்டுப் பெருக்கப் போய்விட்டார்.

சுத்தம் செய்வதற்கு முறை உண்டு. கரைப்பானால் துடைத்து, பாத்திரத்தைச் சுற்றிச் சூட்டுப் பட்டை கட்டி, பம்பை ஓடவிட்டபடியே நாள் கணக்கில் சுட வைக்க வேண்டும். ரப்பர் வளையங்களைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது போட வேண்டும், ஏனென்றால் ரப்பர் குடித்ததைச் சீக்கிரம் கக்காது. நான் இதைச் சொன்ன மறுநாள் பெரம்பலூரில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. பம்பு நின்றது. பட்டை ஆறியது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். அதற்கு அடுத்த நாள் மழையில் டிரான்ஸ்பார்மர் போயிற்று. அதற்கு முன்னறிவிப்புகூட இல்லை.

வளையத்துக்குச் சென்னையில் சொல்லி வைத்தோம். கூரியர் தீபாவளிக் கூட்டத்தில் எங்கோ மாட்டிக்கொண்டது. அதற்குள் உள்ளூரில் கிடைக்குமா என்று பஸ் ஸ்டாண்டு பக்கம் மோட்டார் சாமான் விற்கும் கடையில் கேட்டேன்.

"எந்த மோட்டாருக்கு சார்?"

"மோட்டாருக்கு இல்லை. வெற்றிடத்துக்கு."

"அது எத்தன எச்.பி. சார்?"

வெளியே வந்துவிட்டேன்.

பழைய வளையங்களையே முடிந்தவரை காய வைத்து மாட்டி, ஜாடியில் மிச்சமிருந்த நைட்ரஜனைச் சொட்டு விடாமல் ஊற்றி இன்னொரு கனத்த படலம் ஏற்றினோம். பள்ளம் சின்னதாகிவிட்டது. ஆனால் இருந்தது. நகத்தால் கீறியது மாதிரி, கண்ணுக்குத் தெரியும்படி. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது ஜாடி வறண்டுபோனது. நைட்ரஜன் வேன் இனித் தீபாவளி கழித்துத்தான் வரும் என்றார்கள். தீபாவளி கழித்து எப்போது என்றால், மாடுகளுக்கு அவசரமில்லை சார் என்றார்கள்.

தீபாவளிக்கு மறுநாள் அவள் கணவரோடும் பலகாரத் தூக்கோடும் அரியலூருக்கு வந்தாள். அவர் முன்னறையில் உட்கார்ந்து, இந்த மழை வெங்காயத்துக்கு ஆகாது, அழுகிவிடும் என்று என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இவள் பையிலிருந்து தாள்களை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

பார்ப்பதற்கு முன்பே என் முடிவைச் சொன்னேன். புது வளையம் வரட்டும். பாத்திரத்தை ஒரு வாரம் சுட வைப்போம். வேன் வந்ததும் மூன்றாவது முறை ஏற்றுவோம். அழுக்கு இருக்கிற அளவை அளவு என்று கொடுக்கக் கூடாது. என் ஆய்வகத்தில் யாராவது கொடுத்திருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன்.

"மாசம் முடிஞ்சிடும் மாமா."

"முடியட்டும். அளவு அளவாக இருக்க வேண்டும்."

"உங்களுக்கு பென்ஷன் வருது. உங்களுக்கு மாசம் முடிஞ்சா நல்லது."

என் மனைவி முன்னறையிலிருந்தே கேட்டாள்: "அவளுக்கு வேல போச்சுன்னா நீங்க போயி கிளாஸ் எடுப்பீங்களா?"

"நான் சொல்வது விதி."

"விதிங்கறாரு பாரு. வெங்காயம் அழுகுறதும் அதான்" என்றார் சகலை. இந்த விவகாரத்தில் அவர் பேசிய நீளமான பேச்சு அது.

"மொதல்ல படிங்க மாமா. படிச்சுட்டு கிழிங்க" என்று அவள் தாள்களைத் தள்ளினாள்.

படித்தேன். அட்டவணையில் அலைநீளம் வாரியாக எண்கள். கற்பூரத்தின் பள்ளம் விழுந்த இடத்தில் கட்டங்களை வெறுமையாக விட்டிருந்தாள், எண் இல்லை. குட்டிப் பள்ளங்கள் இருந்த இடங்களிலும் அப்படியே. சுத்தம் செய்வதற்கு முன்னால் எடுத்த படலத்தையும் பின்னால் எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒத்துப்போகிற இடங்களில் எண்ணை வைத்துக்கொண்டு, ஒத்துப்போகாத இடங்களைக் காலியாக விட்டிருக்கிறாள். கீழே ஒரு குறிப்பு: இந்த இடைவெளிகளில் அளவிட இயலவில்லை. ஆயுத பூஜையின்போது பாத்திரத்தில் கற்பூரம் வைக்கப்பட்டிருந்தது. கற்பூரத்தின் நிறமாலை பின்னிணைப்பில். பின்னிணைப்பைத் திருப்பினால், கற்பூரத்தை மட்டும் தனியாக அளந்து வரைபடம் எடுத்து, அதன் பள்ளங்களையும் எங்கள் பள்ளங்களையும் மேலும் கீழுமாக அடுக்கியிருந்தாள். இதை எப்போது செய்தாள் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதற்கும் ஒரு வாரம் முறை சொல்லியிருப்பேன் என்று நினைத்திருப்பாள்.

மாலை வரை அதில் குற்றம் தேடினேன். ஓர் இடைவெளியின் ஓரத்தில் இன்னும் இரண்டு எண்களை நீக்கியிருக்க வேண்டும் என்று தோன்றியது. கணக்குப் போட்டுப் பார்த்தால் நீக்க வேண்டியதில்லை. எண் எவ்வளவு தவறலாம் என்ற பிழையளவை அட்டவணையின் இன்னொரு பத்தியில் சரியாகப் பெரிதாக்கியிருந்தாள். நான் போடுவதைவிடப் பெரிய பிழையளவு. ஆனால் அது அந்தப் படலத்துக்கு உண்மையான பிழையளவு.

"எழுத்து சின்னதாக இருக்கிறது" என்றேன்.

"பெருசு பண்ணிடறேன்" என்று தாள்களை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

பாக்கி இருந்தது துறைத் தலைவரின் கையெழுத்து. வழிகாட்டி கையெழுத்துப் போடாமல் ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தில் வாங்க மாட்டார்கள். அடுத்த வாரம் என்னையும் கூட்டிக்கொண்டு அவர் அறைக்குப் போனாள். கூட்டிக்கொண்டு போனதற்குக் காரணம் கேட்டேன். "நீங்க அங்க உக்காந்திருந்தா போதும், எதுவும் பேசாதீங்க" என்றாள்.

அவர் அட்டவணை இருந்த பக்கத்தில் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"என்னம்மா இது, பல்லு வுழுந்த வாய் மாதிரி இருக்கு?"

"அந்த எடத்துல அளக்க முடியல சார்."

"கோடு இழுக்கச் சொன்னேனே."

"இழுத்தா அது அளவில்ல சார். நானா வரைஞ்சது."

அவர் குறிப்பைப் படித்தார். மெதுவாக, உதடு அசையப் படித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்க பெரிய எடத்துல இருந்தவரு. ஆயுத பூஜைன்னு தீசிஸ்ல எழுதுவாங்களா?"

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. மேசையிலிருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சொல்வதற்கு நிறைய இருந்தது. மூன்றாவது முறை ஏற்றியிருக்க வேண்டும் என்பது என் கருத்து, இப்போதும் அதுதான். அதை அப்போது சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரிந்தது.

"எழுத மாட்டார்கள்" என்றேன். "அளக்க முடியாத இடத்தைக் காலியாக விடவும் மாட்டார்கள். அதனால்தான் பாதி அட்டவணைகளை நம்ப முடிவதில்லை. இதை நம்பலாம்."

"அப்படீங்களா" என்றார். குறிப்பின் மேல் விரலை வைத்தார். "சரி, கற்பூரம்னு வேணாமே. அசுத்தம்னு போட்டுக்குங்க. பொதுவா இருக்கும்."

"என்ன அசுத்தம்னு கேப்பாங்க சார். அப்ப சொல்லித்தானே ஆவணும்."

"சாமி விஷயம்மா. சாமி கும்புட்டதால கெட்டுப்போச்சுன்னு நாம எழுதுன மாதிரி ஆயிடும்."

"சாமி கும்புட்டது வெளிய சார். பாக்கெட்ட வச்சது உள்ள. அதத்தான் எழுதியிருக்கேன்."

அவர் மறுபடி படித்துப் பார்த்தார். வைக்கப்பட்டிருந்தது என்றுதான் இருந்தது.

"நாளைக்கி எவனாவது படிச்சா சிரிப்பாம்மா."

"சிரிக்கட்டும் சார். படிச்சாத்தானே சிரிப்பாங்க."

அவர் பின்னால் அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய மாணவர்கள் கொடுத்த ஆய்வேடுகள் நீலமும் சிவப்புமாக அட்டை போட்டு அடுக்கியிருந்தன. வந்த நாளில் வைத்த இடத்திலேயே இருக்கும் என்பது பார்த்தாலே தெரிந்தது. ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் பேனாவைத் திறந்தார். நாலு பிரதியிலும் கையெழுத்துப் போட்டார்.

நாலிலும் தேதி போட மறந்துவிட்டார். தேதி இல்லாத கையெழுத்தோடு போனால் கவுண்டரில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முதல் பிரதியைப் பிரித்து அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டாள்.

"தேதி சார்."

அவர் நாட்காட்டியைத் தேடினார். மாதம் முடிய இன்னும் சில நாள் இருந்தது.